வேலுமணி வேண்டாமென்ற வேஷம்

அட்டைப்பெட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் போட்டுவிட்டாள் எழிலரசி. போட்ட பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. பெட்டிக்கு எதற்கு சீட் பெல்ட்? கழற்றவும் அலுப்பாக இருந்தது. அப்படியே காரைக் கிளப்பினாள்.

போன வெள்ளிக்கிழமைதான் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, "ஆள்குறைப்பு நம்ம டீமுக்கு வராது" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அதை நம்பி ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவள் அவள். இந்த வெள்ளிக்கிழமை காலை அதே மேனேஜர், மேஜையைப் பார்த்துக்கொண்டே ஒரு கவரை நீட்டினார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன? அந்த ஏப்ரல் மாதம் டெக்ஸஸின் ரிச்சர்ட்சனில் ஃப்ரீவே ஓரத்துக் கண்ணாடிக் கட்டடங்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

கவரை வாங்கும்போது அழுகை வரவில்லை. பேட்ஜைக் கழற்றிக் கொடுத்தபோதும் வரவில்லை. ரெஸ்ட் ரூம் போக வேண்டும் என்று தோன்றியது. பேட்ஜ் இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. தினமும் குட் மார்னிங் சொல்லும் செக்யூரிட்டிக்காரர் தன் கார்டைத் தேய்த்துத் திறந்துவிட்டு வெளியே காவல் நின்றார். அவர் வெளியே நிற்பது தெரிந்துகொண்டே உள்ளே இருந்தாளே, அந்த நேரத்தில்தான் வந்தது.

இப்போது வீட்டில் இருக்கும் மனுஷரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டில் இருக்கும் மனுஷர் என்றால் வேலுமணி. ரிச்சர்ட்சன் தமிழ்க் குடும்பங்களுக்கு அவர் 'எழில் ஹஸ்பெண்ட்'. மனைவியின் விசாவில் வந்தவர், வேலை பார்க்கக் கூடாது. மகளை ஸ்கூலில் விடுவார், சமைப்பார், பொங்கல் விழாவில் மைக் பிடிப்பார். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவருக்கு அம்மா சொல்லிக்கொடுத்த தமிழ், ஐம்பது வருஷத்துக்கு முந்திய கோயமுத்தூர்ப் பக்கத்துத் தமிழ். மேடையில் அவர் ஜோக் சொன்னால் ஜனங்கள் ஜோக்குக்குச் சிரிப்பதில்லை, அந்தத் தமிழுக்குச் சிரிப்பார்கள். அவருக்கும் அது தெரியும்.

பத்து வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் அவர் ரோட்டில் நடந்தால் பஸ் டிரைவர் பஸ்ஸை நிறுத்திக் கை கொடுப்பார். இது இங்கே யாருக்கும் தெரியாது.

எழிலரசிக்கே கல்யாணத்தின்போது தெரியாது. 'லண்டனில் டி.வி.யில் வேலை' என்று தரகர் சொன்னதும், மாப்பிள்ளை டி.வி. ரிப்பேர் பார்க்கிறவர் என்றுதான் ஈரோட்டில் எல்லோரும் நினைத்தார்கள். சொந்தத்தில் ஒருவர் தன் வீட்டு டி.வி.யில் படம் நிற்காமல் உருள்கிறது என்று மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டுகூடப் போனார். போய்ப் பார்த்துவிட்டு, ஆன்டெனாவைத் திருப்பி வைத்துவிட்டு வந்தார் வேலுமணி.

அவருடைய அப்பா கோயமுத்தூர் மில் ஒன்றில் ஃபிட்டர். இங்கிலாந்தில் போல்ட்டன் என்ற ஊரின் பஞ்சாலைக்குப் போனவர், அங்கேயே குடியேறிவிட்டார். ஸ்கூலில் அடி வாங்காமல் தப்பிக்க வாத்தியார்களைப் போலப் பேசிக் காட்ட ஆரம்பித்தார் வேலுமணி. அதுவே பிழைப்பாகிவிட்டது. முதலில் ரேடியோவில் சின்னச் சின்ன நகைச்சுவைத் துண்டுகள் எழுதினார். கூட எழுதியவர் கிரஹாம் என்ற வெள்ளைக்காரர், காலேஜ் சிநேகிதர். இரண்டு பேரும் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து எழுதுவார்கள். டி.வி.யில் டாக்டர், வெயிட்டர், கடைக்காரர் என்று இரண்டு வரி வேஷங்கள் வந்தன. அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தொடர் எழுதினார்கள். கடற்கரை ஊரில் விடுதி நடத்தும் பிச்சுமணி என்ற இந்தியரின் கதை. விடுதியில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் கடல் தெரியாது. சண்டைக்கு வரும் விருந்தாளியிடம் பிச்சுமணி சொல்வார்: "கடல் இருக்குது மேடம், கொஞ்சம் சாஞ்சு பாத்தீங்கன்னா தெரியும்!"

வேலுமணிதான் பிச்சுமணி. முப்பது வயதில் நரைமீசை ஒட்டிக்கொண்டு அவர் சொன்ன அந்த ஒரு வரியை மூன்று வருஷம் இங்கிலாந்தே சொல்லிக்கொண்டு திரிந்தது.

பிறகு தொடர் நின்றுபோனது. அடுத்து எழுதிய தொடரை ஆறு வாரத்தோடு தூக்கிவிட்டார்கள். அடுத்த தலைமுறை இந்திய இளவட்டங்கள் மேடைக்கு வந்தார்கள். வெள்ளைக்காரன் சிரிப்பதற்காகத் தன் ஜனங்களின் பேச்சையே விற்றவர் என்று அவர்களில் ஒருவர் பத்திரிகையில் எழுதினார். கிரஹாமுக்குத் தனியாக ஒரு வாய்ப்பு வந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டார். அத்தோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. டெலிபோன் அடிப்பது குறைந்து குறைந்து, ஒருநாள் அடிக்கவே இல்லை. அப்போதுதான் எழிலரசிக்கு டெக்ஸஸில் வேலை கிடைத்தது. லண்டனில் இன்ஜினீயரிங் படிப்பை வைத்துக்கொண்டு சூப்பர் மார்க்கெட் கவுண்டரில் நின்றவள், முதல் தடவையாக இன்ஜினீயராக ஆபீஸ் போனாள்.

அந்த வேலைதான் இன்று போயிருக்கிறது. அதோடு விசாவும், பாதி தூரம் வந்திருந்த கிரீன் கார்டும்.

---

கதவைத் திறந்ததும் தாளிக்கும் வாசனை வந்தது. வேலுமணி அடுப்பின் முன்னால் நின்று, ஏதோ பழைய இங்கிலீஷ் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மனசு சரியில்லாத நாட்களில்தான் அவர் பாடுவார். பதினாலு வருஷத்தில் எழிலரசிக்கு இது அத்துப்படி.

"அட, அம்மிணி! என்ன இந்நேரத்துக்கே வந்துட்ட? தலைவலியா?"

"இல்லைங்க."

"உக்காரு, காபி போடறேன். உன்ற கிட்ட ஒரு சமாச்சாரம் சொல்லோணும்." அவள் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "காலையில லண்டன்லிருந்து போன் வந்துச்சு. ஹெலன்னு ஒரு பொண்ணு, டி.வி. தயாரிப்பாளர். புதுசா ஒரு தொடர் எடுக்கறாங்களாமா. எனக்கு வேஷம் இருக்குது, வர்றீங்களான்னு கேட்டா."

எழிலரசி கதவருகிலேயே நின்றாள். பெட்டி கையில் கனத்தது.

"என்ன சொன்னீங்க?"

"வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்." காபிப் பொடி டப்பாவின் மூடியைத் திறக்க முடியாமல் சட்டை நுனியால் பிடித்துத் திருகினார். "எப்படிப் போறது? உன்ற கிரீன் கார்டு வர்ற நேரம். இந்த நேரத்துல நான் அங்கயும் நீ இங்கயுமா கிடந்து அல்லாடோணுமா? குடும்பம்தான் முக்கியம், மன்னிச்சுக்கோன்னு சொன்னேன். உனக்காகத்தான் அம்மிணி."

எழிலரசி பெட்டியைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்தாள்.

வேலுமணி திரும்பிப் பார்த்தார். காபி மக், ஆபீஸ் குளிருக்குப் போட்டுக்கொள்ளும் ஸ்வெட்டர், பாதி தீர்ந்த ஆவக்காய் பாட்டில். எல்லாவற்றையும் பார்த்தார். டப்பா கையிலேயே இருந்தது.

"எப்ப?"

"காலையில வந்ததுமே. எங்க குரூப்ல பாதிப் பேருங்க."

அவர் அடுப்பை அணைத்தார். கிட்டே வந்து அவள் தோளில் கை வைத்தார். சிரிக்க வைப்பதற்காகவாவது எதையாவது சொல்கிற மனுஷர். ஒன்றும் வரவில்லை.

---

மத்தியானம் முழுக்க டெலிபோன்தான்.

கம்பெனி லாயர் ஆபீஸில் ஒரு பெண் வாய்ஸ் மெயிலில் பேரை விடச் சொன்னாள். கூட வேலை போன சிநேகிதி, வேலை போன அன்றைக்கே விசா ஸ்டேட்டஸும் போய்விட்டது என்றாள். இன்னொருத்தி, பத்து நாள் டைம் இருக்கிறதாம் என்றாள். யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. எல்லோரும் நிச்சயமாகத் தெரிந்த மாதிரியே பேசினார்கள்.

ரவுண்ட் ராக் என்ற ஊரில் இருக்கும் தம்பி இளமாறன்தான் கொஞ்சம் உருப்படியாகப் பேசினான்.

"அக்கா, பேனிக் ஆகாத. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் நியூ ஜெர்சியில கன்சல்டிங் கம்பெனி வெச்சிருக்கான். உன் விசாவை அவங்க பேருக்கு ட்ரான்ஸ்ஃபர் அப்ளை பண்ணலாம். திங்கட்கிழமையே ஃபைல் பண்ணணும். அதுக்கு நீ இங்க இருக்கணும்."

"நியூ ஜெர்சி போகணுமாடா?"

"வேலை கிடைச்சா போய்த்தான் ஆகணும். முதல்ல ஸ்டேட்டஸைக் காப்பாத்துவோம். மாமா என்ன சொல்றார்?"

"மாமாவுக்கு லண்டன்ல ஒரு ரோல் வந்துச்சு. வேண்டாம்னுட்டார்."

"என்னக்கா நீ! இந்த நேரத்துலயா? யாராவது ஒருத்தர் வேலையில இருக்க வேண்டாமா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ஒண்ணு. இப்ப நாட்டை விட்டு வெளிய போனா, உன் ட்ரான்ஸ்ஃபர் அப்ரூவ் ஆகற வரைக்கும் மாமா திரும்பி வர்றது சிக்கல். அது மாசக்கணக்குலகூட இழுக்கும். அப்ரூவ் ஆகலைன்னா..." என்று நிறுத்தினான்.

"சரிடா, வெச்சிடறேன்."

வேலுமணி சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மறுபடி போன் பண்ணிக் கேளுங்க," என்றாள் எழிலரசி.

"யாருகிட்ட?"

"அந்த ஹெலன்கிட்டதான். கிரீன் கார்டுக்காக வேண்டாம்னீங்க. இப்ப கிரீன் கார்டே இல்லை. அப்புறம் என்ன?"

"காலையில வேண்டாம்னுட்டு மத்தியானம் வேணும்னு கேட்டா என்ன நினைப்பாங்க?"

"என்ன வேணா நினைக்கட்டும்."

"உன்னை இந்த நிலைமையில விட்டுட்டு எப்படிப் போறது அம்மிணி? உனக்காகத்தானே நான்..."

"நிறுத்துங்க."

சத்தம் போடவில்லை அவள். சத்தம் போடவும் தெம்பில்லை.

"என் மேல போடாதீங்க. லண்டனை விட்டு வந்தது எனக்காக. இங்க எழுதாம இருக்கறது எனக்காக. கிரஹாம்கூடப் பேசாம இருக்கறதுகூட, 'உனக்கு அவனைப் பிடிக்காதே'ன்னு ஒருநாள் சொன்னீங்க. எனக்கு எப்பங்க அவரைப் பிடிக்காம போச்சு? எல்லாத்துக்கும் நானே காரணமா இருந்து எனக்கு அலுத்துப்போச்சுங்க. காலையிலேயே வேண்டாம்னு சொன்னீங்களே, அப்ப எனக்கு வேலை போனது உங்களுக்குத் தெரியாது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலாம்னுகூட உங்களுக்குத் தோணலை. அப்படின்னா அது எனக்காக இல்லை."

வேலுமணி தரையைப் பார்த்தார். நாற்பத்துநாலு வயதுக்கு நரை சற்று அதிகம்தான். இப்போது பிச்சுமணி வேஷத்துக்கு மீசை ஒட்ட வேண்டியதே இல்லை.

"என்ன வேஷம்னு கேக்கலையே நீ," என்றார் மெதுவாக.

"சொல்லுங்க."

"ஒரு வயசான நடிகனாமா. ஒரு காலத்துல டி.வி.யில விடுதிக்காரனா நடிச்சுப் பேர் வாங்கினவன். இப்ப சீந்த ஆளில்லை. அதான் வேஷம். என்னையே நான் நடிச்சுக் காட்டோணும். பார்க்கறவங்க சிரிக்கோணும்."

எழிலரசி எதிரில் உட்கார்ந்தாள்.

"அதுகூடப் பரவால்ல," என்றார். "என்னை வெச்சுச் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. அந்தப் பிச்சுமணி குரல்ல மறுபடி பேசச் சொல்லுவாங்களே. அதுதான்..."

"எத்தனையோ தடவை பேசினதுதானேங்க?"

"அது யார் குரல்னு நினைச்ச நீ? எங்கப்பா இங்கிலீஷ் அது. அப்படியே, ஒரு எழுத்து மாறாம. ஊரே சிரிச்சப்ப அவரும் உக்காந்து பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லலை. ஆனா அதுக்கப்புறம் அவர் என்ற முன்னால இங்கிலீஷ் பேசறதையே விட்டுட்டார். டாக்டர்கிட்டப் போனாக்கூட நான் கூட இருந்தா வாயைத் திறக்க மாட்டார். நானே எல்லாத்தையும் சொல்லோணும். சாகற வரைக்கும் அப்படித்தான்."

மாமனார் பேச்சுக் குறைந்தவர் என்றுதான் எழிலரசி இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஏதோ கேட்க, மாமனார் மகனைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அது அவளுக்கு வலி என்று பட்டது.

"இதை ஏன் இத்தனை நாளா என்கிட்ட சொல்லலை?"

"இதுல சிரிப்பு வர்ற இடம் எதுவும் இல்லையே அம்மிணி."

கீழே பார்க்கிங்கில் யாரோ கார்க் கதவைச் சாத்தினார்கள்.

பிறகு எழிலரசிதான் வெளிநாட்டுக்குப் பேசும் காலிங் கார்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "போங்கன்னு நான் சொல்லலை. எனக்காகப் போகாம இருக்க வேண்டாம், அவ்வளவுதான். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு இருங்க. அதுவும் சரிதான்."

அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நம்பர்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

ஹெலனிடம் அவர் பேசியது போல்ட்டன் இங்கிலீஷில். அவருடைய சொந்த இங்கிலீஷ். எழிலரசி சமையலறையிலிருந்து கேட்டாள். "ஆமாம், நிலைமை மாறிவிட்டது" என்றார். அந்தப் பக்கம் நீளமாகப் பேசினார்கள். "புரிகிறது" என்றார். "இல்லை, தப்பாக நினைக்கவில்லை" என்றார். "திங்கட்கிழமை காலை. வருகிறேன்."

போனை வைத்துவிட்டு வந்தார்.

"காலையில வேஷம் எனக்குத்தான்னு இருந்துச்சு. இப்ப இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிட்டிருக்காங்களாமா. மூணு பேரும் திங்கட்கிழமை அவங்க முன்னால வசனத்தைப் படிச்சுக் காட்டோணும். யாரு பொருத்தமோ அவங்களுக்கு." சிரிக்கப் பார்த்தார். "இருபது வயசுல இப்படித்தான் கதவுக்கு வெளிய வரிசையில உக்காந்திருந்தேன்."

எழிலரசி டிராவல் ஏஜென்ட் சந்தானத்துக்குப் போன் செய்தாள். ஊருக்குப் போகும் தமிழர்கள் எல்லோருக்கும் டிக்கெட் போட்டுக்கொடுப்பவர். நாளைக்குச் சாயங்காலம் லண்டன் ஃப்ளைட்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார்.

---

ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த யாமினி, கதவைத் திறந்ததும் அம்மாவைப் பார்த்தாள், பிறகு மேஜை மேல் பெட்டியைப் பார்த்தாள். பதினொரு வயது. அவள் கிளாஸில் இந்த மாதம் மூன்று பேர் வீட்டுக்கு இப்படிப் பெட்டி வந்திருக்கிறது. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"யூ டூ?" என்றாள்.

"ஆமா கண்ணு."

யாமினி வந்து அம்மாவை ஒருதரம் கட்டிக்கொண்டாள். பிறகு அப்பா திங்கட்கிழமை லண்டனில் இருப்பார் என்று கேட்டதும் விலகி நின்றாள். ஸ்கூலில் பேசும் டெக்ஸஸ் இங்கிலீஷிலிருந்து, அப்பாவிடம் மட்டும் பேசும் போல்ட்டன் இங்கிலீஷுக்குத் தானாக மாறினாள்.

நீங்கள் மறுபடி பிச்சுமணியாகப் போகிறீர்களா என்று கேட்டாள்.

"தெரியலை அம்மிணி. வேஷம் கிடைக்குமான்னே தெரியலை."

"இங்கே யாருக்கும் அதைப் பற்றித் தெரியாது. எனக்கு அது பிடித்திருந்தது," என்று இங்கிலீஷிலேயே சொன்னாள். "நாம் மறுபடி வேறு ஊருக்குப் போக வேண்டுமா? இப்போதுதான் எனக்கு ஸ்கூல் பேண்ட் குழுவில் முதல் வரிசை கொடுத்திருக்கிறார்கள்."

லண்டனா, நியூ ஜெர்சியா, இங்கேயேவா? "தெரியலைடா" என்றாள் எழிலரசி. அன்றைக்கு வீட்டில் அதிகம் சொல்லப்பட்ட வார்த்தை அதுதான்.

யாமினி ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கிளாரினெட் சத்தம் கேட்டது. ஒரே நாலு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். ஒரே இடத்தில் தப்பு விட்டாள்.

வேலுமணி பால்கனி ஸ்டோரேஜில் சூட்கேஸைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சந்தானம் என்று நினைத்து எழிலரசி எடுத்தாள்.

"எஸீ?"

ழகரம் வராமல் அவளை அப்படிக் கூப்பிடுகிறவர் உலகத்தில் ஒருவர்தான். கிரஹாம். குரல் கிழடு தட்டியிருந்தது. அங்கே இரவு பத்து மணி இருக்கும்.

வேலுமணி பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றாள். நல்லது, உன்னிடம்தான் பேச வேண்டும் என்றார். பிறகு கடகடவென்று சொன்னார், ரொம்ப நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தவர் மாதிரி.

ஹெலன் எடுக்கும் அந்தப் புதுத் தொடரை எழுதியவரே அவர்தான். தன் பெயரை வேலுமணியிடம் சொல்ல வேண்டாம் என்று ஹெலனிடம் கேட்டுக்கொண்டவரும் அவர்தான். தெரிந்தால் வேலுமணி வர மாட்டார்.

"ஆனால் அவன் நினைக்கிற மாதிரி இல்லை, எஸீ," என்றார். "அந்தக் கிழட்டு நடிகனை தொடர் ஓடும் ஆறு வாரமும் எல்லாரும் கேட்பார்கள். கடைக்காரன், டாக்டர், மகளுக்குப் பார்த்த பையன், எல்லாரும். அந்தக் குரலில் ஒரே ஒரு தடவை பேசுங்களேன் என்று. அவன் பேசவே மாட்டான். கடைசி வரைக்கும் தன் சொந்தக் குரலில்தான் பேசுவான். அதுதான் கதை. வேறு யாருக்காகவும் இதை நான் எழுதவில்லை. அவனுடைய அப்பாவை எனக்கும் தெரியும். அவர் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன். அவர் ஏன் பேச்சை நிறுத்தினார் என்று எனக்கும் தெரியும். பிச்சுமணியை எழுதியதில் பாதி நான்தானே."

எழிலரசி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"திங்கட்கிழமை நான் அந்த ரூமில் இருக்க மாட்டேன். அவன் நன்றாகச் செய்தால் போதும். நான் எழுதினேன் என்பதை மட்டும் சொல்லிவிடாதே. எனக்காக இதைச் செய்."

"யோசிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

வேலுமணி சூட்கேஸை இழுத்துக்கொண்டு வந்தார். ஒரு சக்கரம் கழன்றிருந்தது. சட்டையெல்லாம் தூசி.

"யாரு அம்மிணி? சந்தானமா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ரொம்பச் சுலபம். அவர் போவார், படிப்பார், ஒருவேளை கிடைக்கும். அவள் இங்கே இருந்து அதையும் சேர்த்துச் சுமப்பாள். வேலை போனதை, விசாவை, மகளின் கோபத்தை, இப்போது இரண்டு கிழவர்களின் சண்டையையும். முடியாது என்று பட்டது அவளுக்கு. பெருந்தன்மையோ நேர்மையோ அதில் இல்லை. கையில் இடமில்லை, அவ்வளவுதான்.

"கிரஹாம்," என்றாள். "உக்காருங்க. சொல்லவேண்டாம்னார். நான் சொல்லப்போறேன்."

சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். வேலுமணி சூட்கேஸ் மேலேயே உட்கார்ந்து கேட்டார். அந்த நடிகன் கடைசி வரைக்கும் அந்தக் குரலில் பேச மாட்டான் என்ற இடத்தில் அவர் வாய் லேசாகத் திறந்தது. மூடிக்கொண்டார்.

"அப்பாவைப் பத்திச் சொன்னானா அவன்?"

"சொன்னார்."

"ஏன் என்கிட்ட நேரா சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீங்க பேசியிருப்பீங்களா?"

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று எழிலரசிக்குப் பிடிபடவில்லை. பதினாலு வருஷத்தில் பார்க்காத முகமாக இருந்தது.

"அவன் எழுதினதை நான் போய்ப் படிச்சுக் காட்டி, அதுவும் கிடைக்காமப் போச்சுன்னா..." என்று ஆரம்பித்தார்.

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை சந்தானமேதான்.

"மேடம், சாருக்கு நாளைக்குச் சாயங்காலம் ஃப்ளைட்ல ஒரு சீட் ஹோல்ட் பண்ணியிருக்கேன். இன்னும் கொஞ்ச நேரத்துல கன்ஃபர்ம் பண்ணணும். ஒரே ஒரு டீட்டெயில்தான் வேணும். ஒன் வேயா, ரிட்டர்னா?"

எழிலரசி வேலுமணியைப் பார்த்தாள்.

"ரிட்டர்ன்னா எனக்கு ஒரு தேதி வேணும் மேடம். உத்தேசமாச் சொன்னாக்கூடப் போதும்."

"ஒரு நிமிஷம் இருங்க," என்றாள். ரிசீவரை வேலுமணியிடம் நீட்டினாள். "சந்தானம். ஒன் வேயா ரிட்டர்னான்னு கேட்கறார்."

"நான் என்ன சொல்லட்டும்?"

"அதை நான் சொல்லமாட்டேங்க. நீங்களே சொல்லுங்க."

அவர் ரிசீவரை வாங்கிக்கொண்டார். அவள் போய் சோபாவில் உட்கார்ந்து, காலையிலிருந்து காலிலேயே கிடந்த ஷூவை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பாதம் வீங்கியிருந்தது. யாமினியின் ரூமில் சத்தம் நின்றிருந்தது. கதவு விரல் அளவுக்குத் திறந்திருந்தது.

"சந்தானம், வேலுமணி பேசறேனுங்க," என்றார் அவர்.

ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டு, சக்கரம் கழன்ற சூட்கேஸையும் யாமினியின் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.